உண்ணிக்குச்சி நாற்காலி: ஏழு மாதம் உட்கார்ந்து பார்த்த பிறகு

இந்த நாற்காலிக்கு முதல் விமர்சனம் சொன்னது நானல்ல, என் அம்மா. பார்சலைப் பிரித்து வாசல் திண்ணையில் வைத்ததும் கிட்டே வந்து குனிந்தார். கைப்பிடியை நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

"இது உண்ணிக்குச்சிதானே கண்ணு?"

ஆமாம் என்றேன்.

"எவ்வளவு குடுத்தே?"

3,800 ரூபாய் என்றேன். பார்சல் கூலி 450-ஐச் சொல்லவில்லை.

"ஆடுகூட வாய் வைக்காத முள்ளுக்கு மூவாயிரத்து எண்ணூறா? நம்ம தோட்டத்து வேலியில கெடக்கறதை வெட்டினா நாலு சோபா ஆகுமே" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அன்று முழுக்க அந்த நாற்காலியில் யாரும் உட்காரவில்லை. பூனை மட்டும் உட்கார்ந்தது.

என்னைப் பற்றி ஒரு வரி. மேட்டுப்பாளையத்தில் ஒரு மரக்கடையில் இருபத்திரண்டு வருஷமாகக் கணக்கு எழுதுகிறேன். தேக்கு, வேம்பு, வேங்கை, சில்வர் ஓக் எல்லாம் கன அடிக் கணக்கில் என் பேரேட்டில் ஏறி இறங்கியவை. (வேங்கை என்று யாராவது சொன்னால் எனக்கு முதலில் மரமும் அதன் விலையும்தான் ஞாபகம் வரும். புலி அப்புறம்தான்.) நான் தச்சுவேலை தெரிந்தவள் இல்லை. ஆனால் பில்லில் எழுதியிருக்கிற மரமும் லாரியில் இறங்குகிற மரமும் ஒன்றுதானா என்று பார்த்தாலே தெரியும். அந்த அளவுக்கு என் பேச்சை நம்பலாம்.

உண்ணிச்செடி தெரியாதவர் இருக்க மாட்டார்கள். பெயர் தெரியாமல் இருக்கலாம். ரோட்டோரத்தில், வேலியில், தரிசில் மஞ்சளும் ரோஸுமாகக் கொத்துக் கொத்தாகப் பூத்திருக்குமே, அதுதான். சின்ன வயதில் அந்தப் பூவைப் பிய்த்துத் தேன் உறிஞ்சியிருப்போம், கறுத்த பழத்தைத் தின்று வாயெல்லாம் கறையாக்கிக்கொண்டு அடி வாங்கியிருப்போம். புத்தகத்தில் லன்டானா என்று போட்டிருக்கும். அமெரிக்கக் கண்டத்துச் செடி. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெள்ளைக்காரர்கள் கல்கத்தா தாவரவியல் பூங்காவுக்கு அழகுக்காகக் கொண்டுவந்தது. அங்கிருந்து தோட்டம் தோட்டமாக, பங்களா பங்களாவாக ஏறி, குருவி எச்சத்தோடு காட்டுக்குள் போய்விட்டது.

போன தை மாதம் கூடலூரில் ஒரு கல்யாணம். அதற்குப் போன இடத்தில்தான் இந்தப் பட்டறையைப் பார்த்தேன். பெரிய போர்டெல்லாம் இல்லை. தகரக் கூரை, முன்னால் ஒரு பலாமரம், அதன் அடியில் பாதியாக வெட்டிய தார் டிரம். டிரம்மில் தண்ணீர் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. உள்ளே நீளநீளமாகக் குச்சிகள். ரசத்தில் போட்ட முருங்கைக்காய் மாதிரி மிதந்தன. அடியில் எரிந்ததும் உண்ணிதான். வளைந்த குச்சி, கணு பெருத்த குச்சி எல்லாம் அடுப்புக்கு.

வேலை செய்தவர்கள் அந்தப் பக்கத்துப் பழங்குடிகளான பெட்டக் குறும்பர்கள், நாலு பேர். அதில் ஒரு அம்மாதான் எனக்குப் பொறுமையாகக் காட்டிக் கொடுத்தார். ஒரு மணி நேரமாவது கொதிக்க வேண்டும். வெளியே எடுத்துச் சூடு ஆறுவதற்குள் பட்டையை உரிக்க வேண்டும். அவர் கட்டை விரலில் ஒரு பழைய துணியைச் சுற்றிக்கொண்டு, கத்தியின் முதுகால் ஒரு கீறல் போட்டு இழுத்தார். பட்டை முழுசாக ஒரே வாராகக் கழன்று வந்தது, வேகவைத்த சேப்பங்கிழங்குத் தோல் மாதிரி. உள்ளே வழவழவென்று வெளிர்மஞ்சள் தண்டு. முள் எல்லாம் பட்டையோடு போய்விடுகிறது. அந்தச் சூட்டிலேயே குச்சியை ஒரு பலகையில் அடித்திருந்த ஆணிகளுக்கு நடுவே வளைத்துச் செருகினார். அதுதான் கைப்பிடி. மறுநாள் காலையில் ஆணியிலிருந்து எடுத்தால் வளைவு அப்படியே நிற்குமாம்.

"ஆறிப்போச்சுன்னா அப்புறம் சொன்ன பேச்சு கேக்காதுக்கா. ஒடைஞ்சிரும்."

நான் கடைக்காரப் புத்தியில் முதலில் கேட்டது, "பர்மிட் பாஸ் எல்லாம் இருக்கா?" என்றுதான். அவர் சிரித்தார். எஸ்டேட் ஓரத்திலும் ஊர் நிலத்திலும் வெட்டுகிறார்களாம். பக்கத்திலேயே முதுமலைச் சரணாலயம் முழுக்க இது மண்டிக் கிடக்கிறது, அங்கே போய் வெட்டி விற்க முடியாது. சரணாலயத்திலிருந்து எடுக்கிற வனப்பொருளைச் சுற்றியுள்ள மக்கள் தங்கள் சொந்தத் தேவைக்கு வைத்துக்கொள்ளலாம், வியாபாரத்துக்கு ஆகாது என்று 1972 வனவிலங்குச் சட்டத்திலேயே இருக்கிறது. தேக்குக்கும் யானைத் தந்தத்துக்கும் பயந்து போட்ட பூட்டு. உண்ணிக்கும் அதே பூட்டுதான்.

சரி, நாற்காலிக்கு வருகிறேன்.

எடை 6 கிலோ 400 கிராம். கடைத் தராசில் வைத்துப் பார்த்தேன். ஒரு கையால் தூக்கி வெயிலுக்கும் நிழலுக்கும் மாற்றலாம். தேக்கு நாற்காலியில் இது நடக்காது. உட்காரும் இடம் தரையிலிருந்து 17 அங்குலம், முட்டிவலிக்காரர்களுக்குச் சரியான உயரம். சாய்வு கொஞ்சம் அதிகம், சாப்பாட்டு மேஜைக்கு உதவாது, பேப்பர் படிக்க, கீரை ஆய, போன் பேச நல்லது. என் எடை 71 கிலோ. முதல் வாரம் உட்காரும்போதெல்லாம் கிறீச் என்றது, பிறகு நின்றுவிட்டது. என் தம்பி 94 கிலோ, அவனும் உட்கார்ந்து எழுந்துவிட்டான். ஆனால் அவன் உட்கார்ந்தபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கரையான் தொடாது என்று பட்டறையில் சொன்னார்கள். வீட்டில் சோதித்துப் பார்க்க வழி இருந்தது. எங்கள் பின்கட்டில் கரையான் இல்லாத மூலை கிடையாது. ஒரு துண்டு உண்ணிக்குச்சியையும் ஒரு துண்டு பலாப்பலகையையும் ஒரு துண்டு சில்வர் ஓக்கையும் புற்றுக்குப் பக்கத்தில் மூன்று மாதம் போட்டு வைத்தேன். சில்வர் ஓக் போயே போய்விட்டது. பலா ஒரு ஓரம் அரித்திருந்தது. உண்ணியின் மேல் மண் பூசிவிட்டு ஏனோ திரும்பிப் போயிருக்கிறது.

குறைகளும் உண்டு. நான்கு காலும் ஒரே அளவில்லை. ரசமட்டம் வைத்துப் பார்த்தால் பின் இடது கால் கால் அங்குலம் குட்டை. சிமென்ட் தரையில் ஆடுகிறது, ஒரு ரப்பர் புஷ் போட்டுச் சரி செய்தேன். உட்காரும் இடத்துக்கு அடியில் ஒரு ஆணி முனை மடங்காமல் நீட்டிக்கொண்டிருந்தது, புடவை இரண்டு முறை மாட்டியது. மூட்டுகளை ஆணி அடித்த பிறகு பிரம்பு வாரால் சுற்றியிருக்கிறார்கள். அந்தச் சுற்று அழகுதான், ஆனால் வார்னிஷ் அங்கே மட்டும் சரியாக இறங்கவில்லை. ஆடிச் சாரலில் அந்த இடங்களில் வெள்ளையாகப் பூசணம் பிடித்தது. வேப்பெண்ணெய் தொட்ட துணியால் துடைத்தேன், போய்விட்டது. வெயில் காலத்தில் ஒரு கை வார்னிஷ் அடித்துவிட்டால் இந்தத் தொல்லை இருக்காது.

பார்சல் கொண்டுவந்த கம்பெனியைப் பற்றிப் பேசினால் இது வேறு விமர்சனமாகிவிடும். மேலே சிமென்ட் மூட்டை வைத்திருக்கிறார்கள் போலிருக்கிறது. வலது கைப்பிடி வளைவு நசுங்கி வந்தது. கேட்டதற்கு "குச்சி நாற்காலின்னா அப்படித்தான் இருக்கும்மா" என்றார்கள். பட்டறைக்கு போன் செய்தேன். அந்த அம்மா, கொதிதண்ணீரில் துண்டை முக்கி அரை மணி நேரம் சுற்றி வைக்கச் சொன்னார். அப்புறம் ஒரு சொம்பை உள்ளே கொடுத்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டி ஒரு ராத்திரி விட்டுவிட்டால் போதும் என்றார். அப்படியே செய்தேன். முழுசாகச் சரியாகவில்லை, முக்கால்வாசி வந்துவிட்டது. தேக்கு நாற்காலி நசுங்கினால் சொம்பைக் கொடுத்து நிமிர்த்த முடியுமா?

நாற்காலியில் எனக்குப் பெரிய குறையென்று பட்டது வேறொன்று. கைப்பிடியில் ஒரு அட்டை கட்டி அனுப்பியிருந்தார்கள். ஒரு பக்கம் புலிப் படம். மறுபக்கம், "இதை வாங்கும் நீங்கள் ஒரு புலியின் வீட்டைக் காக்கிறீர்கள்" என்று அச்சடித்திருந்தது.

பார்த்ததும் எனக்குச் சுருக்கென்றது. கணக்குப்பிள்ளை ஆயிற்றே. ஒரு நாற்காலிக்கு எத்தனை செடி என்று அந்த அம்மாவிடமே முன்பு கேட்டிருந்தேன். கட்டை விரல் பருமனில் நேராகப் போகிற குச்சிதான் ஆகும். நல்ல பெரிய புதர் இரண்டு இருந்தால் ஒரு நாற்காலி. நாலு பேர் மாதத்துக்குப் பன்னிரண்டு நாற்காலி செய்கிறார்கள். ஆக, மாதம் இருபத்து நாலு புதர். கல்யாணத்துக்கு மறுநாள் தொரப்பள்ளியிலிருந்து முதுமலைக் காட்டு வழியே தெப்பக்காட்டுக்கு பஸ்ஸில் போனேன். இருபத்து நாலு புதர் என்பது அந்த வழியில் டிரைவர் ஒரு முறை ஹாரன் அடித்து முடிக்கிற தூரம். 2020-ல் வெளியான ஒரு ஆய்வு, இந்தியாவின் புலிக்காடுகளில் நூற்றுக்கு நாற்பது பங்குக்கு மேல் இந்தச் செடி பரவிவிட்டது என்கிறது. பரப்பில் சுமார் 1,54,000 சதுர கிலோமீட்டர். தமிழ்நாடு மொத்தமே 1,30,000 சதுர கிலோமீட்டர்தான். இந்தப் பேரேட்டில் என் நாற்காலியை எந்தப் பத்தியில் எழுதுவது?

தெப்பக்காட்டுக்குப் போனது என் சின்னம்மா மகனைப் பார்க்க. அந்தப் பக்கத்துக் காட்டில் வேட்டைத் தடுப்புக் காவலராக இருக்கிறான். யானை முகாமுக்கு எதிரே டீ குடித்துக்கொண்டே பேசினோம். எனக்கு அதுவரை, செடி நிறைய இருந்தால் காடு நல்லாயிருக்கிறது என்றுதான் நினைப்பு. பச்சையாக இருக்கிறதே என்றேன். அவன் ரோட்டுக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டினான்.

"பச்சையாத்தான் இருக்கு அக்கா. திங்கறதுக்கு என்ன இருக்குன்னு பாரு."

எழுந்து போய்ப் பார்த்தேன். ஆள் உயரத்துக்கு உண்ணி. அடியில் குனிந்து பார்த்தால் வெறும் மண், காய்ந்த சருகு. ஒரு புல் இல்லை. வெளிச்சம் இறங்கினால்தானே புல் முளைக்கும்? இலையை மாடு தின்றால் ஈரல் கெட்டுத் தோல் வெந்துபோகும். மானும் தொடாது. புள்ளிமானும் கடமானும் காட்டெருமையும் புல் இருக்கிற இடம் தேடிப் போய்விடும். மான் போனால் அதன் பின்னால் புலி. ஒரு புலிக்கு வாரத்துக்கு ஒரு மான் வீதம் வருஷத்துக்கு ஐம்பதாவது வேண்டும். புலி பசித்தாலும் புல்லைத் தின்னாது என்று சொல்லிக்கொண்டே இருக்கிறோம். புல் இல்லாவிட்டால் புலி பசித்துத்தான் கிடக்கும் என்பது எனக்கு அந்த டீக்கடை வாசலில்தான் உறைத்தது.

இத்தனைக்கும் புலி குறையவில்லை. 2006 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 76. 2022-ல் 306. முதுமலையில் மட்டும் 114 என்றார்கள். காவல் இறுகியது, வேட்டை குறைந்தது, புலி பெருகியது. அதற்கு என் சின்னம்மா மகன் மாதிரி ஆட்கள் ராத்திரி பகலாக நடந்ததுதான் காரணம். அவர்களில் பெரும்பாலோர் அந்தக் காட்டுக்காரர்களே. ஆனால் குடித்தனம் நாலு பங்கு ஆகிவிட்டது, வீடு அதே அளவு. அதிலும் பாதி அறையில் முள்ளை அடைத்து வைத்திருக்கிறது. முதுமலையின் உட்பகுதி 321 சதுர கிலோமீட்டர். வரைபடத்தில் பார்த்தால் மொத்தமும் பச்சை. அதில் மேய ஆகிற பச்சை எவ்வளவு, ஆகாத பச்சை எவ்வளவு என்று வரைபடம் சொல்லாது.

அவன் வேலைக்கு உண்ணி எப்படிப்பட்ட இடைஞ்சல் என்றும் சொன்னான். பழைய ஆட்கள் காலத்தில் ஐம்பது அடி தள்ளி யானை நின்றால் கண்ணுக்குத் தெரியுமாம். இப்போது பத்து அடியில் நின்றாலும் காது அசைகிற சத்தம்தான் முதலில். 2021-ல் டி-23 என்ற புலியைத் தேடினார்களே, அந்தத் தேடலில் இவனும் இருந்தான். கூடலூர், மசினகுடி பக்கம் நான்கு பேரைக் கொன்றதாகச் சொல்லப்பட்ட புலி. சுட்டுப் பிடிக்கவும் உத்தரவானது. கொன்றுவிடாதீர்கள் என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. கும்கி யானை, டிரோன், மோப்ப நாய் எல்லாம் வந்தன. 21 நாள் கழித்து அக்டோபர் 15-ஆம் தேதி மயக்க ஊசி போட்டு உயிரோடு பிடித்து மைசூருக்குக் கொண்டுபோனார்கள்.

"அந்த இருபத்தோரு நாளும் நாங்க புலியைத் தேடலை அக்கா. உண்ணிக்குள்ள நுழைய ஒரு சந்தைத் தேடினோம்."

புலி ஊருக்குள் வந்து மாட்டை அடித்தால் என்ன ஆகும் என்பதற்கு எமரால்டு சம்பவம் போதும். 2023 செப்டம்பரில் நீலகிரியில் எமரால்டு பக்கம் ஓடைக்கரையில் இரண்டு புலிகள் செத்துக் கிடந்தன. பக்கத்திலேயே மாட்டின் உடல். அதில் விஷம். மாட்டுக்காரர் கைதானார். அந்த ஆகஸ்ட், செப்டம்பரில் மட்டும் நீலகிரியில் குட்டிகளோடு சேர்த்துப் பத்துப் புலிகள் செத்தன. எல்லாம் விஷத்தால் இல்லை, குட்டிகளில் பல தாயில்லாமல் பசியில் போயிருக்கலாம் என்று பேச்சு. எனக்கு விஷம் வைத்தவர் மேல் கோபம் வந்தது உண்மை. ஆனால் எங்கள் தெருவில் இரண்டு மாடு வைத்துப் பிழைக்கும் அக்காவையும் நினைத்துக்கொண்டேன். அவரது ஒரு மாடு போனால் பால் பணம், வட்டி, பையன் பீஸ் எல்லாம் அதோடு போகும். இழப்பீடு வருவது ஒரு கணக்கு, நாளைக்குக் காலையில் பாத்திரம் காலியாக இருப்பது வேறு கணக்கு.

அப்படியானால் முழுசாக வெட்டித் தள்ளிவிட வேண்டியதுதானே என்று கேட்டேன். அங்கேதான் பேச்சு நீண்டது, டீயும் இரண்டாவது முறை வந்தது.

வெட்டினால் தழைக்கும். எரித்தாலும் தழைக்கும். புல்டோசர் விட்டால் மண்ணைக் கிளறி விதைக்கே உழுது கொடுத்த மாதிரி. வேரும் தண்டும் சேர்கிற இடத்தை மண்ணுக்கு ஒன்றிரண்டு அங்குலம் கீழே நறுக்கி, செடியை வேர் மேலே வருகிற மாதிரி கவிழ்த்துப் போட வேண்டும். ஒவ்வொரு செடியாக, கையால். மழை பெய்து மண் இளகியிருக்கும்போது செய்தால் உத்தமம். காய் பழுப்பதற்குள் முடிக்க வேண்டும். அதோடு விட்டால் அடுத்த மழையில் கிடக்கிற விதை முளைக்கும். குருவி உட்கார்கிற மரத்தடியில் போய்ப் போய் நாற்றைப் பிடுங்க வேண்டும், இரண்டு மூன்று வருஷத்துக்கு. கூடவே உள்ளூர்ப் புல்லை விதைக்க வேண்டும். பணம் முதல் வருஷத்துக்கு வருகிறது. இரண்டாம் வருஷத்துக்கு வரவில்லையென்றால் முதல் வருஷப் பணமும் தண்டம். பேரேடு எழுதுகிறவளுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

இன்னொன்றும் சொன்னான், அது நான் எதிர்பார்க்காதது. பகலில் புலி படுப்பதும் உண்ணிக்குள்தான். தாய்ப்புலி குட்டியை ஒளித்து வைப்பதும் சில இடங்களில் அதற்குள்தான். கரடிக்கும் அதன் நிழல்தான். அதனால் ஒரே வீச்சில் மொட்டையடிக்கக் கூடாது, துண்டு துண்டாக, ஒரு பக்கம் புல் எழுந்த பிறகு மறுபக்கம் போக வேண்டும் என்றான். தொல்லை என்று தெரிந்தும் உடனே காலி செய்ய முடியாத குடியிருப்புக்காரன் மாதிரி.

தீயைப் பற்றியும் ஒரு வழக்கு இருக்கிறது. கர்நாடகத்தில் பிலிகிரிரங்கன் மலையில் வாழும் பழங்குடிகளான சோலிகர்கள், வருஷா வருஷம் கோடை தொடங்கும்போது தரையில் கிடக்கிற சருகை மட்டும் இலேசாக எரிப்பார்களாம். தரகு பெங்கி என்று பெயர். சின்னத் தீ. அதில் உண்ணி நாற்றும் மரத்துப் புல்லுருவியும் கருகும், புல் எழும். 1972 சட்டத்துக்குப் பிறகு அது நின்றுபோனது, உண்ணி ஏறியது அதனால்தான் என்று சோலிகர்கள் சொல்கிறார்கள். இப்போது தீ வந்தால் அடியிலிருந்து உண்ணியைப் பிடித்துக்கொண்டு மர உச்சிக்கே ஏறுகிறது. 2019 பிப்ரவரியில் பந்திப்பூர் எரிந்தபோது காய்ந்த உண்ணி எண்ணெய் ஊற்றிய மாதிரி உதவியது. சோலிகர்களின் பிலிகிரிரங்கன் மலை 2011-ல் புலிகள் காப்பகமானது. அதே வருஷம் சோலிகர்களுக்கு அங்கே சமூக வன உரிமைப் பட்டாவும் (காட்டை ஊராகச் சேர்ந்து பயன்படுத்திக் காக்கிற உரிமை) கிடைத்தது, புலிகள் காப்பகம் ஒன்றில் அப்படிக் கிடைத்தது அதுதான் முதல் முறை. உரிமை கிடைத்தது, தீப்பெட்டி மட்டும் கிடைக்கவில்லை.

உண்ணி ஒன்றென்றால் இன்னொன்று மஞ்சள் பூ மரம், சென்னா. தெப்பக்காடு போகிற வழியில் பூத்திருந்ததைப் பார்த்து பஸ்ஸில் நான் போட்டோவே எடுத்தேன். சரக்கொன்றை என்று நினைத்துவிட்டேன். அதுவும் வெளிநாட்டுக் குடி, அதன் அடியிலும் புல் இல்லை. அதை வெட்டிக் கரூர் காகித ஆலைக்குக் கூழுக்கு அனுப்புகிறார்கள். ஆலை என்றால் லாரி லாரியாகப் போகும், அது கணக்குக்குச் சரிப்படும். உண்ணிக்கு அந்த மாதிரி ஒரு பெரிய வாய் இன்னும் கிடைக்கவில்லை. பெரிய அளவில் நடந்த ஒன்று என்றால் யானை உருவங்கள்தான். கூடலூர்ப் பக்கத்துப் பழங்குடி மக்கள் உண்ணிக்குச்சியில் நிஜ யானை அளவுக்குச் செய்த உருவங்கள் 2021-ல் லண்டன் பூங்காக்களில் நின்றன. போட்டோவில் பார்த்திருப்பீர்கள்.

அட்டைக்குத் திரும்புகிறேன். ஊருக்கு வந்து, நாற்காலி வந்து சேர்ந்த பிறகு பட்டறைக்கு மறுபடி போன் செய்து, நாற்காலி நன்றாயிருக்கிறது, அட்டை மட்டும் பொய் சொல்கிறது என்றேன். போனை எடுத்தவர் வியாபாரம் பார்க்கும் பையன். கோபித்துக்கொள்ளவில்லை. "டவுன்ல அதைப் பாத்துத்தான் மேடம் வாங்கறாங்க" என்றான். அந்த அம்மா பின்னாலிருந்து ஏதோ சொன்னார். பையன் சிரித்துவிட்டுச் சொன்னான்: "எங்க வீட்டைக் காக்குதுன்னு போட்டாச் சரியா இருக்கும்னு அம்மா சொல்றாங்க." அதுதான் நியாயமான அட்டை. நாலு பேருக்கு எஸ்டேட் கூலியை விட்டுவிட்டு வருஷத்தில் எட்டு மாதம் வேலை. மூவாயிரத்து எண்ணூறில் பாதிக்கு மேல் கூலிக்கே போகிறது. மரத்துக்கு விலையே இல்லாத ஒரு சாமானில் இது நியாயம்தான்.

புலிக்காக இதை வாங்காதீர்கள். புலிக்கு ஏதாவது செய்ய ஆசையிருந்தால், ராத்திரியில் ஜீப்பில் விலங்கு காட்டுகிறேன் என்கிற விடுதிகளுக்குப் போகாமல் இருங்கள். காட்டு ரோட்டில் ராத்திரி ஒன்பது மணிக்குக் கதவடைக்கிறார்களே என்று சலித்துக்கொள்ளாமல் இருங்கள். நாற்காலியை நாற்காலிக்காக வாங்குங்கள். பிரம்பு நாற்காலி இதே வேலைப்பாட்டில் எங்கள் ஊர்க் கடையில் இதைவிட ஆயிரம் ரூபாய் கூட. அதோடு, பிரம்பும் காட்டிலிருந்து வெட்டுகிறதுதான், அதை வெட்டினால் காட்டுக்கு நஷ்டம். இதை வெட்டினால் யாரும் அழப்போவதில்லை.

வாங்குகிறவர்களுக்கு இரண்டு யோசனை. முடிந்தால் நேரில் போய், உட்கார்ந்து பார்த்து, காலை ஆட்டிப் பார்த்து எடுங்கள். பார்சலில் வாங்குவதானால் கைப்பிடி இல்லாத சாமானாக வாங்குங்கள், நசுங்க இடமில்லை. அடியில் ஆணியைத் தடவிப் பார்த்துவிட்டுப் புடவை கட்டிக்கொண்டு உட்காருங்கள்.

நட்சத்திரம் போடச் சொன்னால் நாற்காலிக்கு ஐந்தில் நாலு. அட்டைக்கு ஒன்று. பார்சலுக்கு நான் ஒன்றும் போடவில்லை.

அம்மா மூன்றாவது மாதத்திலிருந்து அதில்தான் உட்கார்ந்து கீரை ஆய்கிறார். நான் உட்கார்ந்தால் "சாயங்காலம் உக்காந்துக்கோ" என்கிறார். போன வாரம் வேலியோரத்தில் நான் வெட்டிப் போட்டிருந்த உண்ணி, இரண்டு மழைக்கு ஏழு இடத்தில் தழைத்திருந்தது. அம்மா அதைப் பார்த்துக்கொண்டே, ஒரு முக்காலிக்கும் சொல்லிவிடு என்றார். சொல்லிவிட்டேன். இப்போது மழையில் குச்சி ஈரமாக இருக்கிறதாம், கார்த்திகைக்கு மேல் தருகிறோம் என்றிருக்கிறார்கள். அட்டை கட்டாமல் அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.